ஷெஃபீல்டு மடக்குக் கத்தியின் ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் நீங்கள் ஓர் ஒலியைக் கேட்க வேண்டும். என் கையிலுள்ள சிறிய மடக்குக் கத்தியை ஒலிவாங்கிக்கு அருகில் கொண்டுவந்து, அதன் அலகைத் திறந்து மூடுகிறேன். கேட்டதா? பாதி திறந்ததும் ஒரு 'டக்', முழுவதும் திறந்ததும் இன்னொரு 'டக்', மூடி முடியும்போது தாழ்ப்பாள் விழுவதைப் போன்ற அழுத்தமான ஓர் ஒலி. இத்தகைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஒரு கத்தியைக் கையில் எடுத்தவுடன் அதன் 'நடையையும் பேச்சையும்' பார்ப்பார்கள். அலகு விரலுக்கு அடியில் அசைவது அதன் நடை. இப்போது நீங்கள் கேட்டது அதன் பேச்சு. பல ஆண்டுகளாக இக்கத்திகளைச் சேர்த்துவரும் எனக்கு, பிடியின் அழகைவிடவும் அலகுகளின் எண்ணிக்கையைவிடவும் இந்தப் பேச்சுதான் பெரிது. கண்ணால் பார்க்க முடியாத வானொலியில் கத்தியைப் பற்றிப் பேச நான் துணிந்ததும் அதனால்தான்.

நம்மில் பலருக்கும் பேனாக்கத்தி என்றவுடன் பள்ளி நாட்களில் பென்சில் சீவியதுதான் நினைவுக்கு வரும். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு என்று அப்போது நாம் கேட்டதில்லை. இறகின் அடித்தண்டைச் சீவி, நுனியைப் பிளந்து எழுதிய காலத்தில், எழுதுகிறவர்களின் மேசைமேல் இருக்க வேண்டிய கருவியாக இது இருந்தது. இறகு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நான் சேர்ப்பவை பெரும்பாலும் ஷெஃபீல்டில் செய்யப்பட்டவை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள அந்நகரில், சாணைச் சக்கரங்களைச் சுழற்ற வேகமாக ஓடும் சிற்றாறுகளும், அச்சக்கரங்களைச் செதுக்க ஏற்ற மணற்கல்லும் பக்கத்திலேயே கிடைத்தன. அங்குள்ள கத்தித் தொழிலாளர்களின் சங்கத்துக்கு 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே உரிமை வழங்கப்பட்டது. அச்சங்கத்தின் தலைவருக்கு 'மாஸ்டர் கட்லர்' என்று பெயர். அவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைசிறந்த கத்தி வினைஞர் என்ற பொருளிலும் நாம் அச்சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்றாலும், ஷெஃபீல்டில் அது ஒரு பதவியின் பெயர் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. பெரிய கட்டடத்தின் மூலையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு பட்டறைப் பலகையுடன் தன் பொறுப்பில் வேலை செய்த கைவினைஞரை அவ்வூரார் 'லிட்டில் மெஸ்டர்', அதாவது சிறிய எசமான் என்றே அழைத்தார்கள். எனக்குப் பதவிப் பெயரைவிட இந்தச் செல்லப் பெயர்தான் பிடிக்கும்.

அத்தகையவர்களில் நம் காலம்வரை வாழ்ந்தவர் ஸ்டான் ஷா. 1926இல் பிறந்து, பதின்பருவத் தொடக்கத்திலேயே பட்டறைக்குள் நுழைந்த அவர், 2021இல் மறையும்வரை ஷெஃபீல்டின் கத்திக்காரராகவே அறியப்பட்டார். ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் இறுதிவரை தம் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய கடைசிச் சிலருள் அவரும் ஒருவர். நான் அவரைச் சந்தித்ததில்லை; அவர் கை பட்ட கத்தி ஒன்றும் என்னிடம் இல்லை. அவற்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், காத்திருக்க எனக்குத் தைரியம் வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த அவருடைய கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அழகைவிட எனக்குத் தோன்றியது ஒரே ஆசைதான்: காவலர் கொஞ்சம் திரும்பிக்கொண்டால், ஒன்றைத் திறந்து மூடிக் கேட்டுவிடலாமே!

அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? கத்தியின் முதுகில், பிடியின் இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே, விரல் நீளமுள்ள ஒரு எஃகு வில் படுத்திருக்கிறது. சுருள்வில் அன்று, தட்டையான வில். அலகின் அடிப்பாகம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். நீங்கள் அலகைத் திருப்பும்போது அதன் மூலை வில்லைச் சற்றே தூக்குகிறது, தட்டையான பக்கம் வந்ததும் வில் 'டக்' என்று கீழே அமர்கிறது. அவ்வளவுதான் இயந்திரம். பூட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆனால் இந்த எளிமையில்தான் கைவினைஞரின் திறமை முழுவதும் ஒளிந்திருக்கிறது. வில் மிகக் கடினமாக இருந்தால் நகம் உடையும். மிக இளகி இருந்தால் அலகு சட்டைப்பையில் தானே திறந்துகொள்ளும். அலகையும் வில்லையும் ஒரே மாதிரி பதப்படுத்தவும் முடியாது. பழுக்கக் காய்ச்சி, சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய எஃகை மீண்டும் மெதுவாகச் சூடாக்கும்போது அதன்மேல் நிறம் ஓடும். அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்திவிடுவார்கள், கூர் நிற்பதற்கு அந்தக் கடினம் வேண்டும். வில்லை நீல நிறம் வரும்வரை விட்டுவைப்பார்கள், வளைந்து மீள்வதற்கு அந்த இளக்கம் வேண்டும். கண்ணை இமைத்தால் நிறம் கடந்துவிடும்.

வில்லைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லத்தான் வேண்டும். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் எஃகை மூசையில் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையை ஷெஃபீல்டுக்கு அருகில் கண்டறிந்தார். அவர் கத்திக்காரர் அல்லர், கடிகாரம் செய்தவர். கடிகார வில்லுக்கு ஏற்ற நல்ல எஃகு கிடைக்கவில்லை என்ற குறையிலிருந்துதான் அவருடைய முயற்சி பிறந்தது. உலகப் புகழ்பெற்ற ஷெஃபீல்டு எஃகு ஒரு நல்ல வில்லைத் தேடியதில் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், என் கத்தி ஒருமுறை 'டக்' என்று ஆமோதிப்பதாகத் தோன்றும். இது என் பித்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் ஆமையோட்டைப் போலப் பளபளக்கும் பிடியுடைய பழைய கத்தி ஒன்று எனக்குக் கிடைத்தது. உண்மையான ஆமையோடு அன்று, செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் என்பது எனக்குத் தெரியும். மூக்கருகில் கொண்டுசென்றால் மெல்லிய கற்பூர வாசனை அடித்தது. செல்லுலாய்டு செய்வதற்குக் கற்பூரமும் சேர்ப்பார்கள். அந்த வாசனை எனக்கு மிகவும் பிடித்திருந்ததால், என்னிடமிருந்த நான்கு நல்ல கத்திகளுக்கு நடுவில் அதை வைத்து, இறுக மூடும் மரப்பெட்டி ஒன்றில் துணி சுற்றிப் பத்திரப்படுத்தினேன். பத்திரம் என்று நான் நினைத்ததுதான் தவறு. சில மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது கற்பூர வாசனை போய், மூக்கைக் குத்தும் புளித்த நெடி வந்தது. ஆமையோட்டு நிறப் பிடியில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன; அதன் அலகு செந்தூள் பூசியது போல் துருப்பிடித்திருந்தது. அதைவிடக் கொடுமை, பக்கத்தில் படுத்திருந்த கத்திகளின் பித்தளைத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. அவற்றின் அலகுகளிலும் அம்மைத் தழும்பு போலத் துருப்புள்ளிகள். செல்லுலாய்டு முதுமையில் சிதையும்போது அமில ஆவியை வெளியிடுகிறது என்பதையும், மூடிய பெட்டியில் அந்த ஆவி வேறு வழியின்றி அண்டை வீட்டாரைத் தின்னத் தொடங்கும் என்பதையும் நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். துருவைத் துடைத்து எண்ணெய் பூசினேன், தழும்புகள் போகவில்லை. நான்கில் ஒரு கத்தியின் வில்லுக்கு அடியில் துரு புகுந்து, அதன் பேச்சே மாறிவிட்டது. 'டக்' என்றது 'சர்க்' என்று ஆனது. நல்ல குரலுள்ள ஒருவருக்குத் தொண்டை கட்டியதைப் போல. இன்றும் அதை மாதத்துக்கு ஒருமுறை திறந்து கேட்கிறேன், தேறவில்லை. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: செல்லுலாய்டு பிடியைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். தனியாக, காற்றோட்டமாக.

ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்காகச் செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும் உண்டு என்று பலரும் வியந்து சொல்வார்கள். நானும் வியக்கிறேன், ஆனால் அதை யார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்? ஓர் அலகும் ஒரு வில்லும் கொண்ட கத்தி ஒழுங்காகப் பேசினால் போதும் என்பவன் நான். பழைய கத்தியின் முதுகை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அலகு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் வில், பிடியின் விளிம்போடு மேடும் பள்ளமும் இன்றிச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு நிலையிலும் சமமாக அமர வைப்பதற்கு, அரத்தால் ஒரு மயிரிழை தேய்த்து, பூட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடியும் தேய்த்து என்று எத்தனை முறை ஒருவர் குனிந்திருப்பார்! மெருகு பலரால் ஏற்ற முடியும், இது கைவராதவருக்கு வராது.

கத்தியின் வயதை அறிவதற்கு, அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு வரிச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தியான நாட்டின் பெயரைக் கோரியதால், 'இங்கிலாந்து' என்ற சொல் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. விக்டோரியா அரசியின் முதலெழுத்துகளும் கிரீடமும் இருந்தால் 1901க்கு முற்பட்டது என்று கருத இடமுண்டு. ஆனால் முத்திரையை மட்டுமே நம்பி வாங்காதீர்கள். முத்திரையைப் போலியாகப் பொறிக்க முடியும். பேச்சைப் போலியாகச் செய்வது கடினம்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து மூன்று விரல்களைக் காட்டுகிறார், இப்போது இரண்டு. பிடிகளைப் பற்றி நான் தயாரித்து வந்த பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், இந்தியக் கடமான் கொம்பால் ஆன பிடிகள் ஒரு காலத்தில் ஷெஃபீல்டில் மிக விரும்பப்பட்டன. ஏற்றுமதித் தடை வந்தபின் அக்கொம்பு அரிதாகிவிட்டது. யானைத் தந்தப் பிடியை பிரிட்டனில் விற்பதற்கும் வாங்குவதற்கும் 2018ஆம் ஆண்டின் சட்டம் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே அலகின் கூர் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைக் காரணம் கூறாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம்; பூட்டும் வகையை அப்படி வைத்திருக்க முடியாது. நம் இந்த எளிய வில் இங்கும் கைகொடுக்கிறது.

இறுதியாக ஓர் ஒப்புதல். நேரம் முடியுமுன் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் உங்களுக்காக அலகை விரலிலிருந்து விட்டு, தானே அறைந்து மூட விட்டேன். பழைய கத்தியில் அப்படிச் செய்யக் கூடாது. கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக அலகின் அடியில் ஒரு சிறு மேடு உண்டு. கூர் உள்ளே இருக்கும் வில்லில் இடிக்காமல் அதுதான் தடுக்கிறது. பலமுறை சாணை பிடித்துத் தேய்ந்த கத்தியில் அந்த மேடும் தேய்ந்திருக்கும், அறைந்து மூடினால் கூர் வில்லில் பட்டு மழுங்கும். இன்று கொண்டுவந்த கத்தியின் மேடு நன்றாக இருப்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் உங்கள் கத்தியை மூடும்போது அலகை விரல்களால் பிடித்தபடியே, ஒலி வராமல், மெதுவாக மூடுங்கள். வணக்கம்.