‘ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு பதினொன்றரை மணி. அவசரப் பிரிவு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவரைத் தாங்கிப் பிடித்து இறக்குகிறார்கள். “நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, விரலெல்லாம் மரத்துப்போகுது, செத்துப்போயிடுவேன்போல இருக்கு” என்கிறார். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், சீராக இருக்கிறது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோப்போனின் என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள், அதுவும் சரி. “ஒண்ணுமில்லைங்க, டென்ஷன்தான். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க” என்று அனுப்பிவைக்கிறார்கள். பத்து நாள் கழித்து அதே ஆள், அதே நேரத்தில், வேறொரு மருத்துவமனை வாசலில் நிற்கிறார்.

அந்த ‘ஒண்ணுமில்லை’ என்ற சொல்லைப் பற்றியும், பதற்றத்துக்கும் உடம்புக்கும் உள்ள உறவைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தச் சோதனைகள் சரியாக இருந்தால், மாரடைப்புக்கான அடையாளம் இல்லை என்று பொருள். அவ்வளவுதான். அவருடைய உடம்பில் அன்றிரவு நடந்தது உண்மையாகவே நடந்தது. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், குலை நடுங்குகிறது என்கிறோம், நெஞ்சு திக்கென்றது, கைகால் வெலவெலத்துப்போயிற்று என்கிறோம். எல்லாமே உடம்பைச் சொல்லும் சொற்கள். மருத்துவ ஆராய்ச்சி இப்போது அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மனம் பதறுவதால் இதயம் வேகமாக அடிக்கிறதா, இதயம் வேகமாக அடிப்பதால் மனம் பதறுகிறதா? நூறு ஆண்டுக்கும் மேலான கேள்வி இது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசராத் குழுவினர் இதை எலிகளிடம் நேரடியாகச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். எலியின் இதயத் தசைச் செல்கள் வெளிச்சம் பட்டால் துடிக்கும்படி மரபணு வழியாக மாற்றினார்கள். பிறகு சிறு விளக்குகள் பதித்த ஒரு சட்டையை எலிக்கு மாட்டினார்கள். விளக்கு மின்னும் வேகத்துக்கு இதயமும் துடிக்கும். நிமிடத்துக்கு 900 வரை ஏற்றினார்கள். எலியின் இதயம் இயல்பாகவே 600க்கு மேல் துடிக்கக்கூடியது என்பதால் இது நமக்குத் தோன்றும் அளவுக்கு ஆபத்தான வேகம் இல்லை. பாதுகாப்பான இடத்தில் இருந்த எலி இதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. திறந்தவெளி, மின் அதிர்ச்சிக்கு வாய்ப்புள்ள இடம் என்று கொஞ்சம் ஆபத்து சேர்ந்ததும், பயந்த எலியைப்போல ஒதுங்கிப் பதுங்கியது. மூளையில் இன்சுலா என்ற பகுதிதான் உடம்பின் உள்செய்திகளை வாங்கும் இடம். அதன் பின்பகுதியை அடக்கி வைத்தபோது, இதயம் அதே வேகத்தில் துடித்தும் அந்தப் பயம் குறைந்துவிட்டது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. வேகமான துடிப்பு மட்டும் போதாது, ‘இங்கே ஏதோ ஆபத்து’ என்ற சூழலும் சேர வேண்டும். முதல் முறை படபடப்பு வந்த பேருந்திலோ, லிஃப்டிலோ, திருமண மண்டபத்திலோதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று பலர் சொல்வது இதனோடு நன்றாகப் பொருந்துகிறது.

அந்த மனிதருக்கு விரல் மரத்தது ஏன்? பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தம் சற்றே காரத்தன்மை அடைகிறது, அதில் தனித்து இயங்கும் கால்சியம் குறைகிறது, நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று மரத்துப்போகும், சிலருக்கு விரல்கள் கூம்பி இழுத்துக்கொள்ளும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். இத்தனையையும் பார்த்துப் பயந்து மேலும் வேகமாக மூச்சு வாங்கினால் எல்லாம் இன்னும் கூடும். “நல்லா மூச்சை இழுத்து விடுங்க” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது அந்த நேரத்தில் கெடுதல்தான். அவர் ஏற்கெனவே அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறார். காகிதப் பையை மூக்கில் வைப்பதும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதய நோயோ என்றால் ஆபத்தாகிவிடும்.

செய்ய வேண்டியது மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டுவது. மூக்கால் அளவாக இழுங்கள். அதன் மேலேயே இன்னும் ஒரு சின்ன இழுப்பு. பிறகு, சூடான காப்பியை ஊதுவதுபோல வாயைக் குவித்து மெதுவாக, முழுவதுமாக வெளியே விடுங்கள். இப்படிப் பெருமூச்சு விடும் முறையைத் தினமும் 5 நிமிடம் என்று சுமார் ஒரு மாதம் செய்தவர்களைப் பற்றிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வும் 2023இல் வந்தது. மனநிலை தேறியது, ஓய்வில் இருக்கும்போது மூச்சின் வேகமும் குறைந்தது. படபடப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தால் வராது. நன்றாக இருக்கும் நாட்களில் பழக வேண்டும்.

இனி, பதற்றம்போலவே வேடம் போட்டு வரும் உடல்நோய்கள். ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பார்த்தாக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது எல்லாம் வரும். கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். தைராய்டு நடுக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதாக இருந்தாலும் தாளின் ஓரம் சிலிர்ப்பதுபோல ஆடும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடும். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவு கூடிப்போனாலும் இதே கதைதான். ரத்தசோகையிலும் படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்கான சால்ப்யூட்டமால் இன்ஹேலர், சளி மாத்திரைகளில் சேர்க்கும் மூக்கடைப்பு மருந்து, ஸ்டீராய்டு, முந்தைய இரவு குடித்த மது இறங்கும் காலை நேரம், அடுத்தடுத்துக் குடிக்கும் காப்பி — இவையும் பட்டியலில் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளைமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை, பதற்றம் திடீரென்று உச்சத்துக்குப் போகும் பீதித் தாக்குதலை (பேனிக் அட்டாக்) போலவே இருக்கும். உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். படபடப்புக்கென்று புரொப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நடுக்கமும் இதயத் துடிப்பும் மறைந்துவிடும், பெரும்பாலும் வியர்வை ஒன்றுதான் எச்சரிக்கும்.

இன்னொன்று, இதயத்தின் மின்கோளாறு. விளக்கின் சுவிட்சைப் போட்டதுபோலச் சட்டென்று தொடங்கி, 150க்கு மேல் துடித்து, அணைத்ததுபோலச் சட்டென்று நிற்கும். மருத்துவமனைக்குப் போவதற்குள் நின்றுவிடுவதால் ஈ.சி.ஜி. சீராகவே இருக்கும். குறிப்பாகப் பெண்களுக்கு இது பல ஆண்டுகள் ‘பயம்’ என்ற பெயரிலேயே ஓடிவிடுகிறது. துடிப்பு ஏறியபடி இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி. அல்லது உடம்பிலேயே கருவியை மாட்டிவிட்டு எடுக்கும் 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவுதான் பிடித்துக் கொடுக்கும். அதேபோல, நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் அது பதற்றமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாதீர்கள். 108ஐ அழையுங்கள். பீதித் தாக்குதல் பொதுவாகச் சில நிமிடங்களில், பத்து நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். ஆனாலும் முதல் தடவை அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இதுவரை உடலிலிருந்து மனத்துக்கு வரும் பாதை. மறுபக்கமும் இருக்கிறது. சுமார் இரண்டரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 20 ஆய்வுகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. எந்த வழியாக என்பதற்கு 2017இல் அமெரிக்காவில் 293 பேரின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வு ஒரு குறிப்பு தந்தது. மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அதிகம் வேலை செய்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் சுறுசுறுப்பாக இருந்தது, தமனிச் சுவரில் அழற்சியும் கூடியிருந்தது. குடலைப் பற்றி ஒரு வார்த்தை: அடிக்கடி வயிற்றைக் கலக்கும் ஐ.பி.எஸ். நோயாளிகள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு மரபணு ஆய்வில், அந்த நோய்க்கும் பதற்றத்துக்கும் பொதுவான மரபணுப் பின்னணி தெரிந்தது. ஆகவே ‘மனசுதான் வயித்தைக் கெடுக்குது’ என்று அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் பதற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இது. ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகப் பதற்றம் வந்த 1,09,435 பேரை, அது இல்லாத எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கேட்டதும் பயம் வரும். எண்ணிக்கையைப் பாருங்கள்: அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேரில் ஆய்வுக் காலத்தில் பார்க்கின்சன் வந்தது 331 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். பதற்றம்தான் அந்த நோயை உண்டாக்குகிறது என்றும் இதற்குப் பொருள் இல்லை. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளைத் தண்டின் செல்கள் பாதிக்கப்படலாம். மனநிலையையும் விழிப்பையும் நடத்தும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே பதற்றம் அந்த நோயின் முதல் குரலாக இருக்கலாம். அறுபது வயது அப்பாவுக்குத் திடீரென்று காரணமில்லாத பயம் வந்தால், கூடவே இவற்றைக் கவனியுங்கள்: மலச்சிக்கல், சாம்பார் தாளிக்கும் வாசனைகூடத் தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கையை வீசுவது, எழுந்து நின்றதும் தலைசுற்றல், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவது. பதற்றத்தோடு இவை சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதே 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வில், நீண்ட நாள் பதற்றம் இருந்த முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஆனால் முன்பு பதற்றம் இருந்து பின்னர் தணிந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் வாய்ப்பு காணப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வுகளில் மிக ஆறுதலான செய்தி அதுதான். ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் சிகிச்சை கொடுக்க இது நல்ல காரணம்.

சிகிச்சையில் எங்கே கோணல் ஆகிறது? பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் குமட்டலும், சிலருக்கு முன்பைவிடக் கூடுதலான பதைப்பும் வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் நோயாளி பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். தாக்குப்பிடித்தவர் இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டது என்று தானே நிறுத்துகிறார். குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு இவற்றோடு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், தொடங்கிய சில வாரங்களில் பரிசோதிப்பது நல்லது.

அல்பிரசோலம் வேறு கதை. அரை மணி நேரத்தில் அமைதி தரும் என்பதுதான் அதன் ஆபத்து. சில வாரம் தினமும் எடுத்தாலே உடம்பு பழகிவிடும். முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். நாள்பட எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். இந்தியாவில் இது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கும் நல்ல சான்று இருக்கிறது. 276 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எட்டு வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) எஸ்சிட்டலோப்ராமுக்குச் சளைக்கவில்லை. ஆனால் அதன் அளவைக் கவனியுங்கள்: வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம். கைப்பேசியில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ‘எனக்குப் பலிக்கலை’ என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 286 பேரை வைத்து நடந்த ஆய்வில், பயிற்சிக் குழுக்களில் இருந்தவர்கள் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஆய்வில் இருந்தவர்களில் பாதிப் பேர் பத்து ஆண்டாவது பதற்றத்தோடு வாழ்ந்தவர்கள். பயிற்சி செய்தவர்களில் அப்படிப்பட்டவர்களுக்கும் பதற்றம் குறைந்தது. முதல் வாரங்களில், பயிற்சியால் வரும் படபடப்பையே தாக்குதல் என்று எண்ணிப் பலர் நிறுத்திவிடுவார்கள். மெதுவாக நடக்கத் தொடங்கி, இந்தப் படபடப்பு தானாக இறங்குகிறது என்று உடம்புக்குக் காட்டிக்காட்டிப் பழக்குங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, சட்டென்று வந்ததா மெதுவாக ஏறியதா, அப்போது நாடித்துடிப்பு எவ்வளவு, அதற்கு முன்பு என்ன சாப்பிட்டீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள். நாடி பார்க்கத் தெரியாதவர்கள் இன்றே பழகிக்கொள்ளுங்கள்: கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.