கடதாசியைப் புதைக்கலாம்

(திருகோணமலையில் ‘யூரோப்பா யூரோப்பா’ படம் திரையிட்ட பின் நிகழ்த்திய உரை)

பெரியோர்களே, தம்பி தங்கச்சிமாரே,

இப்போது பார்த்த படம் கற்பனை இல்லை. அக்னியெஷ்கா ஹொலன்ட் 1990இல் எடுத்த இந்தப் படம், சொலமன் பெரெல் என்ற மனிதரின் வாழ்க்கை. 1925இல் ஜேர்மனியில் பைனே என்ற ஊரில் பிறந்த யூதர். நாசிகளின் கெடுபிடி தாங்காமல் குடும்பம் போலந்துக்குப் போனது. 1939இல் ஜேர்மன் படை அங்கேயும் வந்ததும் பெற்றோர் அவரைத் தமையனோடு கிழக்கே அனுப்பிவிட்டார்கள். யூதன் என்பதை மறக்காதே என்றார் தகப்பன். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்றாள் தாய். இரண்டு சொல்லையும் எப்படிச் சேர்த்துக் காப்பாற்றுவது? கதை முழுக்க அந்த இழுபறிதான்.

1941இல் மின்ஸ்க் பக்கத்தில் ஜேர்மன் படையிடம் பிடிபட்டார். பிடிபட்டவர்களை வரிசையில் நிறுத்தி, யூதர்களைப் பிரித்துச் சுடுவதற்குக் கொண்டுபோகிறார்கள். தன் முறை வருவதற்குள் அந்த 16 வயதுப் பெடியன் குதிக்காலால் மண்ணைக் கிளறிக் கிளறிச் சின்னக் குழி ஒன்று செய்து, தன் அடையாளக் கடதாசிகளைப் போட்டு மூடிவிட்டான். கேட்டபோது, நான் ஜேர்மன் இனத்தவன் என்றான். நம்பிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளனாகப் படையோடு வைத்திருந்தார்கள். அப்புறம் பிரவுன்ஷ்வைக்கில் இருந்த, நாசிகளின் இளைஞர் அமைப்பான ஹிட்லர் இளைஞர் பாடசாலைக்கே அனுப்பிவைத்தார்கள்!

கடதாசியைப் புதைக்கலாம், உடம்பை என்ன செய்வது? யூத வழக்கப்படி சுன்னத்துச் செய்த உடம்பு. குளிக்கப் போனாலும் பயம், வைத்தியப் பரிசோதனை என்றாலும் பயம். இதைப் படம் இடைக்கிடை சிரிக்கிற மாதிரிக் காட்டுவதில் எனக்குக் குறையில்லை. இன விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் வகுப்புக்கு முன்னால் அவன் தலையை அளந்து பார்த்து, ஆரியன்தான் என்று சான்று கொடுக்கிறாரே, அதற்குச் சிரிக்காமல் என்ன செய்வது?

‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்ற குறளைச் சொல்லி அவனை மன்னித்துவிடலாம் என்பீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அவனா என்பதுதான் என் கேள்வி. பாண்டவர்களும் வேஷம் போட்டு விராடன் வீட்டில் இருந்தவர்கள்தானே. ஆனால் அவர்களுக்கு ஒரு வருஷம் என்று தவணை இருந்தது, தங்களுக்குள் கதைக்க ஆளும் இருந்தது. இவனுக்கு இரண்டும் இல்லை.

1983 ஜூலைக் கலவரத்தில், தமிழர் என்று தெரியாமலிருக்கப் பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் இறங்கிய பெண்களை நமக்குத் தெரியும். கடற்படையினர் இறங்கிவந்து இந்த ஊரில் வைத்த தீயைக் கண்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அப்போதைய அடையாள அட்டையை நினைத்துப் பாருங்கள். சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும், நம்முடையதில் இரண்டு மொழியும். சென்றியில், அதுதான் சோதனைச் சாவடியில், நீட்டினால் போதும், பெயரை வாசிக்கவே தேவையில்லை. சரி, அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கொல்லப்பட்ட யூதர் அறுபது இலட்சம் பேர். ஆனாலும் அந்தக் குதிக்கால் ஏன் மண்ணைக் கிளறுகிறது என்று நமக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

விடுமுறையில் அவன் பெற்றோரைத் தேடிப் போலந்தின் வூச் நகரத்துக்குப் போகிறான். ஹிட்லர் இளைஞர் சீருடையோடு ட்ராமில் ஏறி, யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதிக்குள்ளால் போய்ப் போய் வருகிறான். இறங்க முடியாது. தாயும் தகப்பனும் போரில் தப்பவில்லை.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. விடுதலையோடு அவசரமாக முடித்துவிட்டார்கள். நடித்து நடித்து, அந்தச் சீருடைக்காரனை ஓரளவு நம்பவும் தொடங்கிவிட்டேன் என்று பெரெல் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அவன் இன்னும் எனக்குள் இருக்கிறான் என்று கிழவயதிலும் சொன்னார். இஸ்ரேலுக்குப் போய்க் குடும்பம் நடத்தி, ஏறக்குறைய நாற்பது வருஷம் இதைப்பற்றி வாய் திறக்காமலிருந்து, பிறகுதான் எழுதினார். அப்புறம் ஜேர்மனியப் பாடசாலைகளுக்கே போய்ப் பிள்ளைகளோடு கதைத்தார். 2023இல் 97 வயதில் காலமானார். அந்த நாற்பது வருஷ மௌனத்தை வைத்து இன்னொரு படம் எடுக்கலாம். எடுத்தால் இதைவிடக் கடினமான படமாக இருக்கும்.