கையெழுத்துப் புத்தகமும் ஒரு கலுங்கும்

வணக்கம் நேயர்களே.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. குமரி மாவட்டத்து ஊராட்சி அலுவலகங்களில் முப்பது வருஷம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிராம சபைக் கூட்டம் என்றால் அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை. காலையில் கூட்டம் நடத்துவது, சாயங்காலம் கையெழுத்து வாங்குவது. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டி, பத்தாயிரத்துக்குள் இருக்கிற ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகும். பத்தாயிரத்துக்கு மேல் போனால் 300. எங்கள் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தாலே நல்ல கூட்டம் என்று பேசிக்கொள்வோம். மீதி நூற்று அறுபது பேரை எங்கே பிடிப்பது? தீர்மானப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவேன். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை. "எங்க சாரே ஒப்பு போடணும்?" என்று கேட்பார்கள். எங்கே என்றுதான் கேட்பார்கள், எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தப் புத்தகத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கிற இடம் சின்னதல்ல. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. மறு வருஷமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டாம், நீங்கள் வந்து உட்கார்ந்தாலே உறுப்பினர். ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பதும், வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதும் அந்தச் சபையின் வேலை. முன்பு வருஷத்துக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாகிவிட்டது. நவம்பர் 1 நமக்கு வேறு வகையிலும் பழக்கமான நாள். 1956-ல் அதே தேதியில்தானே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தன.

சரி, கூட்டத்துக்கு வருகிறவர் கையில் என்ன இருக்கும்? மனு இருக்கும். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்கள் சந்துக்கு ரோடு வேண்டும். எல்லாமே நியாயமான மனுதான். வாங்கி வைத்து, தீர்மானமாக எழுதி, மேலே அனுப்புவோம். அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்தோம். மனு ஒரு வீட்டின் தேவை, ஒரு தெருவின் தேவை. பத்து மனுவில் எதை இந்த வருஷம் எடுப்பது, எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது, எதை எடுக்கவே கூடாது என்று ஊர் கூடி வாதாடி முடிவு பண்ணுவது வேறு காரியம். அப்படி வாதாட வேண்டுமானால், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைத்தான் நாங்கள் சொல்லவே மாட்டோம். "தொகையைச் சொன்னா எல்லாரும் பங்கு கேப்பாங்க" என்றார் ஒரு தலைவர். கேட்கட்டுமே, அதற்குத்தானே கூட்டம்! இதை அன்றைக்கு அவரிடம் வாய் திறந்து சொல்லவில்லை, இன்றைக்கு மைக் முன்னால் சொல்கிறேன்.

பணத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மத்திய வரிப் பணத்தைப் பங்கிடுகிற 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டுத்தான் கொடுத்தார்கள். ஊர் தன் விருப்பத்துக்குச் செலவு செய்ய மீதி 40-தான். சபையில் பத்து ரோட்டுக்குத் தீர்மானம் போட்டுவிட்டு, ஒன்றுகூட வரவில்லை என்று அதிகாரியைத் திட்டிக்கொண்டிருப்போம். கடைசிக் காலத்தில் ஒருமுறை, பள்ளிக்கூடக் கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதிப் போட்டேன். இவ்வளவு வருகிறது, இதில் இவ்வளவு தண்ணீருக்கு, இவ்வளவு நமக்கு. அரை மணி நேரம் ஒரே சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெண் எழுந்து, "அப்போ ரோட்ட விடுங்க, டேங்க மொதல்ல பாருங்க" என்றார். என் முப்பது வருஷத்தில் ஒரு சபை தானாகவே ஒரு வேலையைத் தள்ளி வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கலுங்குக்கு வருகிறேன். வெளி மாவட்டத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடக்கிற சிறு பாலத்துக்குக் கலுங்கு என்று பெயர்.

ஒரு சந்து, மழைக்காலத்தில் ஒரே சேறு. பேவர் பிளாக் வேண்டும் என்று மனு வந்தது. தீர்மானம் போட்டோம், எஸ்டிமேட் ஆயிற்று, வேலையும் சீக்கிரமாகவே முடிந்தது. பழைய தரையைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே எம்சாண்டைக் கொட்டிப் பதித்தார்கள். தெரு முக்கால் அடி உயர்ந்துவிட்டது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அதன் பிறகு வந்தது 2021 நவம்பர் மழை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மாவட்டமே வெள்ளக்காடாகக் கிடந்தது. சந்தின் கீழ்க்கோடியில் ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுப் பாட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மக்களே, நீங்க ரோட்ட ஒசத்தியாச்சு. வெள்ளம் எங்க போவும்? எனக்க அடுக்களைக்குத்தான் வரும். பண்டு இந்த வழியா ஒரு ஓட உண்டு, அதுக்க வாயில ஒரு கலுங்கு. அதயும் மண்ணு போட்டு மூடியாச்சு."

அந்தப் பாட்டி ஒரு கிராம சபைக்கும் வந்ததில்லை. ஆனால் பேவர் பிளாக் தீர்மானத்துக்குக் கீழே அவருடைய ஒப்பு இருந்தது. நான் வாங்கியதுதான்.

அடுத்த வருஷ அக்டோபர் 2 கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால், நாலைந்து வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடை வழியாக நடந்தோம். பாட்டி, தென்னை ஏறுகிற ஒருவர், சானலில் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்த பழைய லஸ்கர் ஒருவர். எங்களிடம் இருந்த வரைபடத்தில் ஓடை பாதியில் நின்றுபோயிருந்தது. அவர்கள் நினைப்பில் அது ஆற்று வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலிக்கு அந்தப் பக்கம், அந்த அயனிமரத்துக்கு இந்தப் பக்கம் என்று கை காட்டிக்கொண்டே போனார்கள். தோண்டிப் பார்த்தபோது மூன்றடி மண்ணுக்குக் கீழே கருங்கல் கலுங்கு அப்படியே இருந்தது. அந்த லஸ்கர் இன்னொன்றும் சொன்னார். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை வழக்கமாக ஜூன் முதல் தேதி கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்குத் திறப்பார்கள், கும்பப்பூ என்கிற இரண்டாம் போகம் முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். சானலோடு சேர்ந்த ஓடையில் இறங்கி வேலை பார்க்க மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதம்தான். பணம் ஜூலையில் வந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கலாம். எந்த வேலையை எந்த மாதம் செய்வது என்பதையும் சேர்த்துத் தீர்மானத்தில் எழுதியது எனக்கு அதுதான் முதல் தடவை.

இவ்வளவு நேரம் கிராம சபையைப் பற்றியே பேசுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிராம சபையே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் நகர்ப்புறத்தில் வாழ்கிறவர்கள் 82 விழுக்காடு. அதில் கொஞ்சம் குழப்பம் உண்டு. கணக்கெடுப்புக்காரர்கள் நகரம் என்று எழுதிக்கொண்ட சில ஊர்கள் நிர்வாகத்தில் இன்னும் கிராம ஊராட்சிதான். அதைக் கழித்தாலும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறவர்களே அதிகம். ஊராட்சிகள் சுமார் 95, பேரூராட்சிகள் சுமார் ஐம்பது. தாழக்குடியும் பூதப்பாண்டியும் பேரூராட்சி, சுற்றிலும் வயல். கடையாலும் பேரூராட்சிதான்; ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்துதான் வீட்டைத் தேட வேண்டும். ஆனால் நூறு நாள் வேலை என்று சொல்லிவந்த ஊரக வேலைத் திட்டமும் கிடையாது, கிராம சபையும் கிடையாது. 2022-ல் வந்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு, அந்த வருஷம் நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது? கவுன்சிலரை வழியில் பார்த்தால் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், சில பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஊராட்சிகளின் பாடும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லாத காலத்திலும் சபை உண்டு. சொல்லப்போனால் அப்போதுதான் அது கூடுதலாகத் தேவை.

கடற்கரைக்கு வாருங்கள். நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கரை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆறு கிராம சபைத் தேதிகளை மறுபடி மனசில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றுகூட அந்த இரண்டு மாதத்துக்குள் விழவில்லை. ஆகஸ்ட் 15-க்கு படகெல்லாம் கடலுக்குள். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மே 1 சரியாக நடுவில் வருகிறது, ஆள்களும் கரையில் இருக்கிறார்கள். ஆனால் சின்னமுட்டம் கன்னியாகுமரி நகர எல்லைக்குள் இருப்பதால் அங்கே கிராம சபை இல்லை! ஆறு தேதிக்கு மேல் கூட்டக் கூடாது என்று தடையில்லை, சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஜூலையில் ஒருநாள் பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டிப் பார்த்தால் தெரியும். அந்த ஊர்களில் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் அன்பியக் கூட்டங்களும் ஒழுங்காக நடக்கின்றன. கூடிப் பேசத் தெரியாத ஜனம் இல்லை.

கரையில் எந்த ஊரில் கேட்டாலும் முதல் கோரிக்கை தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் சுவர். ஆனி, ஆடியில் கடல் வீட்டு வாசலுக்கு வரும்போது வேறு என்ன கேட்பார்கள்? ஆனால் மணல் கரையோரமாக ஓடிக்கொண்டே இருக்கிற பொருள். ஓரிடத்தில் கல்லைப் போட்டு மறித்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். இந்த ஊர்ச் சபை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அடுத்த ஊர்க்காரன் வீட்டைக் கடலுக்குள் இழுத்துவிடும். இங்கே கிராம சபை மட்டும் போதாது. இரண்டு ஊரும், மீன்வளத் துறையும், பொறியாளரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அதற்கென்றே அரசியல் சட்டத்தின் 243 இசட்-டி பிரிவில் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு, மாவட்ட ஊராட்சியிலும் நகர்ப்புற மன்றங்களிலும் இருக்கிறவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள், ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி. அந்தக் குழுவில் நம் பிரதிநிதி யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பணியில் சேர்ந்து ரொம்ப நாள் தெரியாது.

களியக்காவிளையைத் தாண்டினால் வேறு கதை. 1996 ஆகஸ்ட் 17-ல், மலையாளச் சிங்க மாதம் முதல் தேதி, கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் பணத்தைப் பிரித்துவிட்டு, அப்புறம் கூட்டத்தைக் கூட்டினார்கள். பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் தங்கை வீட்டுக்குப் போனால், கிராம சபை என்பது அங்கே வார்டு சபை. வார்டில் உள்ள வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால் கோரம். நடந்தே போய்விடலாம், எல்லா முகமும் தெரிந்த முகம். அங்கேயும் ஆனுகூல்யம், அதாவது அரசு உதவி, வாங்க மட்டுமே ஆள் வருகிறது என்று மச்சான் அலுத்துக்கொள்வார். இருக்கலாம். ஆனால் எவ்வளவு தொகை என்று அவருக்குத் தெரிகிறது.

கலுங்கு வேலை 2023 மே கடைசியில் முடிந்தது, அணை திறப்பதற்கு நாலைந்து நாள் முன்னால். பாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். குனிந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தோம். "வாய் கொஞ்சம் ஒடுக்கம் மக்களே" என்றார். அளந்து பார்த்தால் எஸ்டிமேட்டில் இருந்ததைவிட அரையடி குறைவு. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து அதைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கீழே ஒப்பு போடுவதற்கு முன்னால், என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தியை விட்டு வாசிக்கச் சொன்னார்.

நன்றி. வணக்கம்.