மசாலா தடவிய கோழியும் அளவான தணலும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

காரமான மசாலாவில் ஊறவைத்த கோழி இறைச்சியை வீட்டிலேயே தணலில் வாட்டும் முறையைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். செய்முறைக் குறிப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. எத்தனை கரண்டி மிளகாய்த்தூள், எத்தனை கரண்டி தயிர் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால், அளவுகளெல்லாம் சரியாக இருந்தும் மேற்புறம் கருகி, எலும்பை ஒட்டிய சதை வேகாமல் நிற்கும் கோழிதான் பல வீடுகளில் தட்டுக்கு வந்துசேர்கிறது. மசாலா இறைச்சிக்குள் எங்கே போகிறது, நெருப்பு அதை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரவு முழுவதும் ஊறினால் மசாலா எலும்புவரை இறங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், சதைக்குள் நன்றாக இறங்கிச் செல்வது உப்புதான். அது தசைப் புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது ஈரம் முழுவதும் வெளியேறிவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. கோழிச் சதையிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே, மிளகாய், மஞ்சள், மற்ற வாசனைப் பொருள்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேற்பரப்பிலும் அதையொட்டிய மிக மெல்லிய அடுக்கிலுமே தங்கிவிடுகிறது. அந்த மெல்லிய பூச்சுதான் நெருப்பை முதலில் சந்திக்கிறது. முதலில் கருகுவதும் அதுதான்.

இதை ஒப்புக்கொண்டால் வேலை இரண்டு கட்டங்களாகப் பிரிந்துவிடுகிறது. முதலில் உப்பை மட்டும் தடவி, குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். ஒரு கிலோ இறைச்சிக்கு 10 முதல் 12 கிராம் உப்பு போதும். காரமசாலா அதன் பிறகு வரட்டும். கால், தொடைத் துண்டுகளாக இருந்தால் சதை தடித்த இடத்தில் கத்தி எலும்பில் தட்டும்வரை இரண்டு மூன்று கீறல்கள் போட்டு, விழுதை விரல் நுனியால் அந்தக் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்ப்பது நல்லது. மசாலா தானாக உள்ளே போகாது என்பதால் நாம்தான் அதற்கு வழி வெட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கீறிய துண்டுகள் சீராகவும் சற்று விரைவாகவும் வேகும் என்பது கூடுதல் ஆதாயம்.

மிளகாய்த்தூளை வெதுவெதுப்பான எண்ணெயில் குழைத்துவிட்டு, பிறகு தயிரோடு சேர்த்தால் நிறமும் காரமும் ஒரே சீராகப் பரவும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிடுவது மிக அவசியம் என்பேன். ஈரம் இருக்கும்வரை மேற்புறத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. இறைச்சி பொன்னிறமாகச் சிவந்து மணப்பதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். நீர்த்த மசாலாவில் தோய்த்த துண்டு தணலின் மேல் கிடந்தாலும் வெந்நீரில் வெந்ததைப் போலவே வெளிறிக் கிடக்கும். தயிரின் புளிப்பு மென்மையானது. இரவு முழுவதும் ஊறினாலும் கெடுதல் செய்யாது. எலுமிச்சைச் சாறு அப்படியல்ல. அதிகமாகச் சேர்த்து நெடுநேரம் வைத்தால் மேற்சதை வெளுத்துச் சுண்ணாம்பு படிந்ததுபோல் ஆகிவிடும். பப்பாளிக் காயில் உள்ள பப்பைன் என்ற நொதி இன்னும் கடுமையானது. கோழிக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

ஊறவைத்த பாத்திரம் 5 டிகிரிக்கும் குறைந்த குளிரில் இருக்க வேண்டும். சமையல் மேடையில் விட்டுவைக்கலாகாது. இறைச்சியைக் குழாயடியில் கழுவுவதால் அதிலுள்ள சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகள் தொட்டியைச் சுற்றித் தெறித்துப் பரவுகின்றன. கழுவாமல் சமைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கிருமியைக் கொல்வது வெப்பம்தான், தண்ணீரன்று.

இனி நெருப்பு. கரியைப் பற்றவைத்தவுடன் இறைச்சியை வைத்துவிடக் கூடாது. தீப்பிழம்பு அடங்கி, கரித்துண்டுகள் சாம்பல் பூத்து நிற்பதற்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அப்போது கங்குகள் அனைத்தையும் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விட வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்பவர்களுக்குப் பாதித் தொல்லை குறைந்துவிடும். எலும்புள்ள துண்டுகளைக் கங்கில்லாத பக்கத்தில் வைத்து மூடியிட்டு, இடையிடையே திருப்பிப்போட்டு, முப்பது நாற்பது நிமிடங்கள் வேகவிட்டு, கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் கங்கின் நேர் மேலே நகர்த்திச் சிவக்க வைத்தால், உள்ளே வெந்தும் மேலே கருகாமலும் கிடைக்கும். தொடக்கத்திலேயே நேர் நெருப்பில் போட்டால், கொழுப்பு கங்கின் மேல் சொட்டித் தீ எழும்பி, மிளகாய்ப் பூச்சு கருகிக் கசந்துவிடும். அந்தக் கரும்புகை படிவதும் உடல்நலத்துக்கு நல்லதன்று. தேனோ சர்க்கரையோ சேர்ப்பதானால் இறுதியில்தான் பூச வேண்டும்.

கரி அடுப்பு திறந்த வெளிக்கு உரியது. சன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அறைக்குள் கரியைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வருவதே தெரியாது. மொட்டைமாடியோ முற்றமோ இல்லாதவர்கள் மின் அடுப்புப் பெட்டியை 220 டிகிரிக்குச் சூடேற்றி, துண்டுகளைக் கம்பித் தட்டில் வைத்து, கடைசியில் மேல்கம்பியின் வெப்பத்தில் சிவக்க வைக்கலாம். புகைமணம் கிடைக்காது, மற்றபடி குறையொன்றுமில்லை.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி, முழுவதும் வெந்த சதையையும் சிவப்பாகக் காட்டக்கூடும். உணவு வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் சதையின் தடித்த பகுதியில் செருகிப் பார்க்கையில் 74 டிகிரி காட்டினால் உண்ணப் பாதுகாப்பானது. நெஞ்சுப் பகுதியை அந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் நார்நாராக வறண்டுபோகும். தொடையையும் காலையும் 80 டிகிரிக்கு மேல் போகவிட்டால்தான் அவற்றிலுள்ள இணைப்புத் திசு இளகிச் சதை பூப்போல் கழன்றுவரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுப்பவர்கள் ஏதாவது ஒன்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இறக்கியபின் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வெட்டாமல் விட்டுவைத்தால், சாறு தட்டில் வழிந்தோடாமல் சதையிலேயே நிற்கும். பச்சை இறைச்சி ஊறிய மசாலா மீதமிருந்தால் அதை வெந்த துண்டுகளின் மேல் அப்படியே பூசிவிடக் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே பயன்படுத்தலாம். அதைவிட, மசாலா அரைத்தவுடனேயே ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்து, எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, இறக்குவதற்குச் சற்று முன் சுத்தமான தூரிகையால் பூசுவது சுலபம். ஊறும்போது உள்ளே இறங்காத காரத்தை அந்தக் கடைசிப் பூச்சில் கூட்டியோ குறைத்தோ அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.