எம்… குன்றும்: பாரி மகளிர் பாட்டை வாய்விட்டு வாசிக்கும்போது

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு பாட்டு. புறநானூறு 112, பாரி மகளிர் பாடினது. நிறைய பேருக்கு மனப்பாடமா தெரியும், கஷ்டமே அதுதான். வாய் தானா ஓடிடும், பாட்டு நிக்காது. மெதுவா கேளுங்க.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

துறை கையறுநிலை, அதாவது இழப்பை நினைச்சு வருந்திப் பாடுறது. பறம்பு மலையை ஆண்ட அப்பா பாரியையும் அந்த மலையையும் ஒண்ணா இழந்த பொண்ணுங்க பாடுறாங்க. (அங்கவை, சங்கவைங்கிற பேரெல்லாம் பிற்காலத்துல வந்தது, பாட்டுல பேர் கிடையாது.) இதுல அழுகைன்னு ஒரு சொல் தேடிப் பாருங்க. கண்ணீர் இல்ல, துயரம் இல்ல, நெஞ்சுகூட இல்ல. அப்போ எங்கேருந்து வலிக்குது?

'திங்கள்' இங்க மாசம். அந்த மாசத்து நிலா வெளிச்சம், இந்த மாசத்து நிலா வெளிச்சம். முதல் அடிக்கும் மூணாவது அடிக்கும் வித்தியாசம், ரெண்டு இடத்துல அகரம் இகரமாகுது, அவ்வளவுதான். அதனால மூணாவது அடி வந்ததும் குரலைத் தழுதழுக்க வைக்காதீங்க. நிலா மாறவே இல்லையே. முதல் அடியை எந்தக் குரல்ல சொன்னீங்களோ, அதே குரல்ல சொல்லுங்க.

அடுத்தது வினைமுற்று. நாலு இருக்கு: உடையேம், கொளார், கொண்டார், இலம். இதுல 'உடையேம்', 'இலம்' ரெண்டும் குறிப்பு வினை, காலம் காட்டாது. 'கொளார்' எதிர்மறை, அதுலயும் காலம் வெளிப்படையா இல்ல. இறந்தகாலம் பளிச்சுன்னு தெரியறது 'கொண்டார்' ஒண்ணுலதான். உரையில "உடையவராக இருந்தோம்"னு எழுதும்போது அந்த 'இருந்தோம்' நாம சேர்க்கிறது. பாட்டுல 'அற்றை'ங்கிற ஒரு சொல்லை விரலால மறைச்சுப் பாருங்க. அப்பா இன்னும் இருக்காரு. நினைவு இப்படித்தான் வேலை செய்யுதுன்னு எனக்குத் தோணுது. போனவங்க காலம் இல்லாம அப்படியே இருக்காங்க, தேதி மட்டும்தான் தள்ளிப் போகுது.

இனி பென்சில் எடுங்க. ரெண்டாவது அடியில, மேல குடுத்திருக்கிற சீர் பிரிப்புப்படி, 'எம்குன்றும்' ஒரே சீர், ஒட்டியிருக்கு. நாலாவது அடிக்கு வாங்க. 'வேந்தர்எம்'னு அடி முடியுது, 'குன்றும்' அடுத்த அடிக்குப் போயிடுச்சு. மலையைப் பிடுங்கின இடத்துலயே 'எம்' தனியா, 'குன்றும்' தனியா. இது நேரிசை ஆசிரியப்பா, அதனால கடைசிக்கு முந்தின அடியில மூணே சீர். மத்த நாலு அடியிலயும் நாலு. அந்த இல்லாத நாலாவது சீர் சரியா 'எம்'முக்கு அப்புறம் வருது. வாசிக்கிறவங்க பொருள் புரியணும்னு 'எம்குன்றும்'னு சேர்த்து ஓட்டிடறாங்க. வேண்டாம். ஒரு சீர் சொல்ற நேரம் சும்மா இருங்க. அந்த மௌனத்தை யாப்பே குடுக்குது.

'வென்றெறி முரசின்', அதாவது ஜெயிச்சு அடிக்கிற முரசுன்னு சொல்றது, இகழ்ச்சிக் குறிப்புன்னு பழைய உரை சொல்லுது. சேர, சோழ, பாண்டியர்னு மூணு வேந்தர் சேர்ந்து பாரி ஒருத்தரை வஞ்சிச்சுக் கொன்னதுக்கு வெற்றி முரசான்னு. குரல்ல நக்கல் ஏத்த வேண்டாம், சொல்லே போதும்.

வரிசையையும் பாருங்க. முன்னாடி அப்பா, பிறகு மலை. பின்னாடி மலை முதல்ல, அப்பா கடைசி. சொல்ல முடியாததைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வராங்க. அதுக்கு முன்னாடி ஒரு 'யாம்'. முதல் பாதியில அது 'உடையேம்' விகுதிக்குள்ள இருந்துச்சு, இங்க வெளிய வந்து நிக்குது. ஆனா சீர் பிரிக்கும்போது 'கொண்டார்யாம்'னு ஒட்டிக்கிறதால வேகமா சொன்னா காணாமப் போயிடும். கொண்டார், சின்ன மூச்சு, யாம். கடைசி ஏகாரத்தை இழுக்காதீங்க, அது அழுகுரல் இல்ல, தனிப் பொருள் இல்லாத அசைச்சொல். குட்டையா விடுங்க: எந்தையும் இலமே.