10 எம்எம் டேப்புக்கு 8ல ஓட்டை போடாதீங்க

வணக்கம்ங்க, மன்னார்குடி பக்கத்துல நம்ம லேத்து பட்டறையிலேந்துதான் பேசுறேன். பின்னாடி கிரைண்டர் சத்தம் வந்தா பொறுத்துக்கங்க, குறுவை நேரம், பம்ப்செட் வேலையா வந்து குவிஞ்சு கெடக்கு.

இந்தா இத பாருங்க, கிட்ட காட்டுறேன். பம்பு கேஸிங், அதாவது பம்போட வெளிக்கூடு, வார்ப்பிரும்பு. காலைல ஒரு அண்ணன் கொண்டாந்தாரு. ஓட்டைக்குள்ள பளபளன்னு நாலு காது தெரியுதுல்ல, அது முறிஞ்ச டேப்பு, அதாவது ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி. வேற எங்கயோ 8ல ஓட்டை போட்டு 10 டேப்ப முறுக்கிருக்காங்க. டேப்பு ஹைஸ்பீட் ஸ்டீல், நம்ம டிரில் பிட்டும் அதே ஸ்டீல்தான், அதனால டிரில் போட்டு எடுத்துரலாம்னு நெனைக்காதீங்க, ஏறவே ஏறாது.

இப்ப கணக்குக்கு வருவோம். சாதா 10 எம்எம் போல்ட்டுல ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5, அதத்தான் பிட்ச்சுங்குறோம். 10ல 1.5 கழிங்க, 8.5. அவ்ளோதான் டிரில் சைஸு. டேப்பு பள்ளத்த மட்டுந்தான் வெட்டும், மேடு நீங்க போட்ட ஓட்டையோட சுவருதான். 8.5 போட்டா மரை முக்கால்வாசி ஒசரத்துக்கு நிக்கும், அது தாராளமா போதும், முழுசா வேணும்னு ஓட்டைய சின்னதாக்குனா பலம் பெருசா கூடாது, ஆனா டேப்ப திருப்புற பாரம் எக்கச்சக்கமா ஏறிடும், 8ல டேப்பு ஒதுங்கவே எடமில்ல, முறியாம என்ன செய்யும். அதுக்கு பயந்துகிட்டு 9ல போடுறவங்களும் இருக்காங்க, டேப்பு வெண்ணெய் மாதிரி போகும், மரை பாதிதான் நிக்கும், போல்ட்ட கடைசி முறுக்கு முறுக்குறப்ப பொடியா உதிந்து கையோட வந்துரும். அந்த நேரத்துல வயல்ல தண்ணி இல்லாம நிக்கிறவருக்குத்தான் அதோட வலி தெரியும்.

6 எம்எம் போல்ட்டுக்கு 5, 8க்கு 6.8, 12க்கு 10.2, இதெல்லாம் அந்தந்த போல்ட்டோட பிட்ச்ச கழிச்சு, கிட்ட இருக்குற டிரில் சைஸ எடுத்ததுதான். ஆனா 10ன்னாலே 8.5ன்னு மனப்பாடமா வச்சுக்காதீங்க, பைக் கண்ணாடி மாட்டுற 10 எம்எம் மரை நெறய வண்டில 1.25 பிட்ச்சு, கழிச்சா 8.75, அதுக்கு கிட்ட இருக்குற 8.8 போடணும். பழைய பம்புல அரை இஞ்ச் விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் மரை, இருந்தா அது இஞ்சுக்கு 12 மரை, யுஎன்சிங்குற அமெரிக்க மரைல அதே அரை இஞ்சுக்கு 13 மரை, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், மரை இடைவெளி அளக்குற பிட்ச் கேஜ் வச்சு பாக்காம டேப்ப கையில எடுக்காதீங்க. விட்வொர்த்துன்னா 10.5 டிரில்.

இன்னொண்ணு, பிட்டுல 8.5ன்னு எழுதிருக்குன்னு நம்பிராதீங்க, கையால சாணை புடிச்சதுல ஒரு பக்கம் வாய் நீண்டுருந்தா ஓட்டை பெருசாயிரும், ஒரு வேஸ்ட் துண்டுல போட்டு வெர்னியர் வச்சு ஓட்டைய அளந்து பாத்துட்டு அப்பறம் கேஸிங்குல கை வைங்க.

சரி, சாயங்காலம் அண்ணன் வந்துருவாரு. இந்த டேப்ப பஞ்ச் வச்சு தட்டித் தட்டி நொறுக்கித்தான் எடுக்கணும், கேமராவ இப்படி திருப்பி வைக்கிறேன், கண்ணாடி போட்டுக்குறேன், பாருங்க.