செம்பு வந்த துறை

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் ஆலய மண்டபத்தில், ஆற்றோர நடைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, சுங்கைப் பட்டாணியில் இருந்த இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிய மகளிர் பிரிவுச் சகோதரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

டத்தோ அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். இரண்டாவது ஞாயிறு நடையில் மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் காட்டுக்குள் பதினேழு பேர் நிற்கிறோம், அதில் ஆறு பேர் பிள்ளைகள். ஒரு போன்தான் செய்தேன். அரை மணி நேரத்தில் அவருடைய லாரி வந்து நின்றது. ஓட்டுநர் தம்பி ஒரு ஃபிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியும் கொண்டு வந்திருந்தார். அந்தத் தம்பியும் இங்கே இருக்கிறார், அவருக்கும் கைதட்டுங்கள்.

இன்று மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் நடந்த வழி ஒன்று. மெர்போக் ஆற்று முகத்துவாரத்துக் கண்டல் காடு இரண்டு. பிள்ளைகளை ஆற்றோரம் அழைத்துப் போகும்போது கவனிக்க வேண்டிய பாதுகாப்பு மூன்று.

“ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்.” என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் வாளியைக் கழுவும்போதெல்லாம் இந்த வரியைச் சொல்வார். நம் ஊருக்கு ஆறு இருக்கிறது ஐயா. அந்த ஆறு எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் ஞாயிறு புக்கிட் பத்து பாஹாட்டில் தொடங்கினோம். குனோங் ஜெராய் 1217 மீட்டர் உயரம். அதன் தெற்குச் சரிவில் மெர்போக் கெச்சில் என்ற சிற்றாறு கல்லுக்குக் கல் தாவி இறங்குகிறது. அதன் கரையில்தான் அந்தப் பழைய கோயில். 1936, 37-இல் தொல்லியல் அறிஞர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்தார். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் மீண்டும் கல் அடுக்கி நிறுத்தினார். கருவறைப் பக்கம், முன் மண்டபம் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. மண்டபத்தில் மரத்தூண் நிற்பதற்கான கல் பீடங்கள் இருக்கின்றன, தூண்கள் இல்லை. மரம் மக்கிவிட்டது, கல் நிற்கிறது. பத்து பாஹாட் என்றால் உளி பட்ட கல். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. கோயில் யாருடையது என்பது மறந்துபோன காலத்திலும், இங்கே யாரோ உளி பிடித்தார்கள் என்பதை அந்தப் பெயர் மறக்கவில்லை.

நான் கடாரத்தைப் பற்றிப் பேசுவேன், ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றிப் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பேச இந்த மண்டபத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறொன்று மனத்தில் குத்திக்கொண்டிருக்கிறது.

கீழே பெங்காலான் பூஜாங் இருக்கிறது. சீனத்துப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், பாசிமணிகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. பெங்காலான் என்றால் என்ன? துறை. படகு ஒதுங்குகிற துறை. கப்பல் வியாபாரம் நின்று பல நூறு வருடம் ஆகிவிட்டது. வண்டல் விழுந்து ஆறே ஒடுங்கிவிட்டது. துறை என்ற பெயர் மட்டும் போகவில்லை. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை, துருத்தியின் ஊதுகுழல், செங்கல் கட்டிய படகுத்துறை எல்லாம் வெளியே வந்தன. அந்த மண்ணுக்கு மேல்தான் நம் ஆட்கள் உரம் போட்டார்கள், குலை வெட்டினார்கள். காலுக்குக் கீழே ஒரு துறைமுகம் இருந்தது நமக்குத் தெரியாது. சரி, அது ஆயிரம் வருடத்துக்கும் முந்திய கதை. நம் சொந்தத் துறை நமக்குத் தெரியுமா?

இரண்டாவது ஞாயிறுக்கு வருகிறேன். அன்று நம் தோட்டங்களுக்கு நடுவே ஓடி மெர்போக்கில் விழுகிற ஓடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். புறப்படும்போது ஓர் அம்மா வந்து நின்றார். வயது எழுபத்தெட்டு. யாரும் அழைக்கவில்லை. காலில் ரப்பர் சிலிப்பர், கையில் ஒரு குடை. “நானும் வரேன் வாத்தியாரே, தெரிஞ்ச தண்ணிதான்” என்றார். முட்டி வலி வந்தால் என்ன செய்வது என்று நான் தயங்கினேன். அவர் அதற்குள் முன்னால் நடந்துவிட்டார்.

ஒரு வளைவில் அந்த அம்மா நின்றுவிட்டார். நாங்கள் பார்த்தது செம்பனை, புல், ஒரு துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். அவர் பார்த்தது வேறு. “இது மங்குக் கல். இங்கதான் பால் பிடிக்கிற மங்கு, வாளி எல்லாம் கழுவுவோம். அங்க முனியாண்டி வளைவு. அதுக்குக் கீழே கரகத் துறை.” சொல்லிக்கொண்டே போகிறார். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினான். நான் சொல்லவில்லை, அவனாகவே எழுதினான். கரகத் துறைக்கும் கீழே போய் ஒரு மணல் திட்டைக் காட்டி, “இதுதான் செம்பு வந்த துறை” என்றார். அதென்ன அம்மா பெயர் என்று கேட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பதினாறு வயது. மாரியம்மன் திருவிழா முடிந்து, கரகத்தைக் கரைக்க எல்லோரும் ஆற்றுக்கு வந்திருக்கிறார்கள். மலையில் மழை. தண்ணீர் இழுக்கிறது. பூசாரி முழுகி எழுந்தார், கையில் செம்பு இல்லை. அம்மனின் செம்பு! தோட்டமே அலறியது. கேஸ் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் விடிய விடியத் தேடினார்கள். மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஒருவரும் சரியாகத் தூங்கிப் போகவில்லை. பெண்கள் லயத்து வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று கிழவிகள் அழுதார்களாம். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் சாயங்காலம், ஆற்றங்கரையோடு ஓர் ஆள் நடந்து வருகிறான். கீழ்த்தோட்டத்துப் பையன். தூண்டில் போடப் போனவன் வேரிடுக்கில் செம்பைப் பார்த்திருக்கிறான். அவனிடம் சைக்கிள் இருக்கிறது. ஆனால் அம்மன் செம்பைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவரலாமா? மஞ்சள் துணி சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், அட்டைக் கடியோடு, அத்தனை தூரமும் கரையோடேயே நடந்து வந்திருக்கிறான். இந்தத் திட்டில்தான் ஏறினான். தப்பு அடித்து வரவேற்றார்கள். பூசாரி செம்பை வாங்கியதும் அந்தப் பையன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். பக்கத்தில் நின்றது இந்தப் பெண். அவர்தான் மொண்டு கொடுத்தார்.

அடுத்த தை மாதம் கல்யாணம்.

(கைதட்டல்.)

அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்கிறேன். “செம்பு போன வழியாத்தான் வாத்தியாரே நானும் போனேன். தண்ணியோடவே போயி கீழ்த்தோட்டத்துல குடும்பம் பண்ணினேன்.”

“ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்” என்றார்கள். பெயரில்லா ஆற்றை என்னவென்று சொல்வது? பெங்காலான் என்ற பெயர் இத்தனை நூற்றாண்டு நின்றது. செம்பு வந்த துறை என்ற பெயரை இன்று அறிந்தவர் அந்த ஓர் அம்மா. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயன்களை இடித்தார்கள். நாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். வந்தது நல்லதுதான், குழாய்த் தண்ணீரும் கரண்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேசை, நாற்காலி, சாமிப் படம், ஆட்டுக்கல் வரை லாரியில் ஏற்றினோம். துறைகளின் பெயர்களை ஏற்றவில்லை. 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி, அதாவது ஒரு பழங்கோயில், இடிபட்டபோது நாடே பேசியது. பட்டியலில் எண் இருந்ததால்தான் இடிந்தது என்றாவது தெரிந்தது. நம் மங்குக் கல்லுக்கு எண் ஏது? அது போனால் போனதுதான்.

மாண்புமிகு அவர்கள் இருக்கும்போதே இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். மெர்போக் நோக்கி ஓடும் நம் ஓடைகளின் கரையில், பெரியவர்கள் சொல்லும் இடங்களில், தமிழிலும் மலாயிலும் சிறு பலகைகள் வைக்க அனுமதி பெற்றுத் தாருங்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தலைமையாசிரியை அவர்களிடம் கேட்பது, வருடத்துக்கு ஒரு நாள் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை எங்களோடு நடக்க விடுங்கள். ஆலயத்தைக் கேட்பது, கரகம் எடுக்கும் துறையின் பழைய பெயரைத் திருவிழா அழைப்பிதழில் அச்சிடுங்கள். இதற்குக் காசே வேண்டாம், ஒரு வரி இடம் போதும்.

கண்டல் காட்டைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார். மூன்றாவது ஞாயிறு முகத்துவாரத்தில் நாங்கள் பார்த்ததை இன்னொரு நாள் சொல்கிறேன். பாதுகாப்பில் ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்க முடியாது. 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி யான், மெர்போக் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள். கெப்பாலா ஆயேர் என்கிறோமே, அது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். அந்த அம்மாதான் அன்று முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, “ஏறுங்க எல்லாரும்” என்று குரல் கொடுத்தார். லாரிக்கு நான் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்று என் அப்பா வாளி கழுவிய கல் எது என்பதை நான் அவரிடம் கேட்டு வைக்கவில்லை. அவர் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பையனின் நோட்டு வாசலோரம் மேசையில் இருக்கிறது. இதுவரை இருபத்து மூன்று பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் ஒரு பெயராவது எழுதுங்கள், எந்தத் தோட்டம், எந்தப் பாலத்துக்கு மேலே அல்லது கீழே என்பதையும் சேர்த்து. எழுத வராத பெரியவர்கள் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்த அம்மா முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். கீழ்த்தோட்டத்துத் துறைகளை அவரிடம் இன்னும் நாங்கள் கேட்டு முடிக்கவில்லை.